துரு எங்கிருந்து வந்தது

வில்லோ மரம் வளர்ப்பது சோம்பேறியின் விவசாயம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் அதை மறுக்கப் போவதில்லை. வசந்தத்தில் போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, வெட்டி வரிசையாக ஊன்ற வேண்டும். முதல் குளிர்காலத்தில் தரையோடு ஒருமுறை அறுத்துவிட வேண்டும். அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து துளிர் கிளம்பும். பிறகு மூன்று நான்கு ஆண்டு அந்தப் பக்கமே போக வேண்டாம். நிலம் உறைந்து கல்லான ஒரு சனவரியில் அறுவடை இயந்திரம் வந்து, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பயிரைச் சில்லுசில்லாக்கி வண்டியில் கொட்டும். அந்த மரச்சில்லு நகரத்து வெப்ப நிலையத்துக்கு எரிபொருளாகப் போகும். இந்தக் கட்டடத்தின் குழாய்களில் ஓடுகிற சூட்டில் கொஞ்சம் என் வயலுடையதாக இருக்கலாம். கட்டை மறுபடி துளிர்க்கும். இருபது இருபத்தைந்து ஆண்டு இப்படியே ஓடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பொறுமையான பயிர்க்காரன். சட்டென்று கோபப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை. என் தம்பி எஸ்கில் விஷயத்திலும் நான் சட்டென்று எதுவும் செய்யவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அப்பா போனபின் நிலம் இரண்டாகப் பிரிந்தது. நார்கே சமவெளியின் களிமண் பள்ளம் எனக்கு வந்தது. மேட்டு நிலமும் வீடும், அதன் ஓரத்தில் வரிசையாக நின்ற லார்ச் என்ற பதினொரு ஊசியிலை மரங்களும் எஸ்கிலுக்குப் போயின. அவன் ஓரெப்ரோ நகரத்தில் பள்ளி ஆசிரியன். பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தவன். கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சாப்பாட்டு மேசையில்கூட அதைக் கழற்ற மாட்டான். அவன் மனைவி சோல்வேய் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

எஸ்கிலிடம் ஒரு குணம் இருந்தது. அவன் சொல்வது சரியாக இருக்கும். வானிலை, எந்திரம், மனிதர்கள், எதைப் பற்றிச் சொன்னாலும் சரியாக இருக்கும். எனக்கு இருபத்தாறு வயதில் ஏரிப் பனிக்கட்டி மேல் டிராக்டரை ஓட்டப் போனேன். "வேணாம், அங்க நீரோட்டம் இருக்கு, தாங்காது," என்றான். நான் ஓட்டினேன். நான் நீந்தி வந்தேன், டிராக்டர் வரவில்லை. அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டான். ஊர்தான் முப்பது வருடம் சிரித்தது. குத்திக்காட்டியிருந்தால் அன்றே ஒரு அறை விட்டு விஷயத்தை முடித்திருப்பேன். கம்பளி போர்த்துகிறவனை எப்படி அறைவது?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வில்லோ நட்டேன். சதுப்புக்கு அந்தப்புறம் கைவிடப்பட்ட ஒரு பழைய வயல் இருந்தது. அதில் ஒரு ரகம் ஆளை விழுங்குகிற வேகத்தில் வளர்ந்து நின்றது. அதிலிருந்தே என் வயல் முழுவதற்கும் போத்து வெட்டினேன். நட்டுக்கொண்டிருந்தபோது எஸ்கில் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். ஒரு போத்தை எடுத்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தான்.

"எல்லாம் இந்த ஒரே ரகமா?"

"இதான் வேகமா வளருது."

"சிக்ஸ்டன், இதெல்லாம் ஒரே மரத்தோட துண்டு. ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா ஊருக்கே வரும். அஞ்சாறு ரகத்தைக் கலந்து நடு. துரு நோய்னு ஒரு பூசணம் இருக்கு, அது ஒண்ணைப் பிடிச்சாலும் பக்கத்துல இருக்கிறது தடுத்து நிறுத்தும்."

"உன் பிள்ளைங்களுக்குப் போய்ப் பாடம் எடு."

"பிள்ளைங்க கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கும். நீ எதிர்த்துப் பேசுவ, அதான் உங்கிட்ட சொல்றேன்," என்று சிரித்தான். "அப்புறம் இந்தப் பட்டையில கறுப்பா ஒரு புண் தெரியுது பாரு. நோய் வந்த வயலோ என்னவோ. போத்தைக் காசு குடுத்துப் புதுசா வாங்கிக்கோ."

நான் வாங்கவில்லை. முதல் அறுவடை வரை பயிர் அருமையாக வந்தது. ஊரே வந்து பார்த்தது. அந்த ஆண்டுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எஸ்கில் வந்து, "நல்லா வந்திருக்கே, எனக்குச் சந்தோஷம்," என்றான். அதிலும் பொய் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அவனிடம் நான் மன்னிக்காத பலவற்றில் அதுவும் ஒன்று.

மறுதுளிர்ப்பின் இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் வயலுக்குள் போனேன். வெளியே வந்தபோது கால்சட்டை முழங்கால் வரை ஆரஞ்சு நிறமாக இருந்தது. இலைகளைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம். தொட்டால் மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது. செப்டம்பர் முதல் வாரத்தில் இலையெல்லாம் கொட்டி, குளிர்காலம் வருவதற்கு முன்பே வயல் மொட்டையாக நின்றது. இலை போன தண்டு முற்றாது. முற்றாத தண்டைப் பனி கொல்லும். அடுத்த வசந்தத்தில் மூன்றில் ஒரு கட்டை துளிர்க்கவில்லை.

பயிர் ஆலோசகர் இல்வா வந்தாள். நல்ல பெண், வேலை தெரிந்தவள். வரிசைக்குள் குனிந்து நடந்து இலையும் தண்டும் பறித்துப் பையில் போட்டாள். வெளியே வந்து, "பக்கத்துல லார்ச் மரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

நான் மேட்டைக் காட்டினேன்.

"ஒரு வகைத் துரு குளிர்காலத்த விழுந்த இலையில கழிச்சிட்டு, வசந்தத்துல லார்ச் ஊசியிலைக்குப் போகும். அங்க பெருகித் திரும்ப வில்லோவுக்கு வரும். லார்ச் பக்கத்துல இருந்தா சீக்கிரமே வந்திடும்," என்றாள். "ஆனா இன்னொரு வகையும் இருக்கு. அதுக்கு லார்ச்சே வேணாம். தண்டுக்குள்ளேயே தங்கிடும். எதுன்னு சோதனைக்கு அனுப்பிப் பார்க்கிறேன். அதுவரை எதையும் வெட்டிடாதீங்க."

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். எனக்கு முதல் விஷயம் போதுமாக இருந்தது. அன்று மாலை மேட்டு வீட்டுக்குப் போனேன். எஸ்கிலும் சோல்வேயும் நண்டு வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தட்டு வைத்தார்கள். நான் உட்காரவில்லை.

"உன் மரந்தான் என் வயலைக் கொல்லுது," என்றேன்.

"போன மே மாசம் பார்த்தேனே, ஊசியில ஒரு மஞ்சப் புள்ளிகூட இல்ல," என்றான். விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "துரு அங்கேருந்து வரல, சிக்ஸ்டன். நீ நட்ட போத்துலேயே வந்தது."

"அப்ப நானே கொண்டுவந்தேன்னு சொல்ற."

"யாரு கொண்டுவந்தா என்ன? எடுத்திட்டு வேற நடலாம். நான் வந்து கூட நடுறேன்."

"நீ வந்து நடணுமா?"

சோல்வேய், "உட்காருங்க, நண்டு ஆறுது," என்றாள். நான் வந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் மருந்து அடித்துப் பார்த்தேன். அந்த உயரத்துப் பயிருக்குள் டிராக்டர் நுழையாது. ஓரத்திலிருந்து பீய்ச்சினால் நான்கு வரிசைக்கு மேல் எட்டாது. நான்கு வரிசை பச்சையாகவும் மிச்ச வயல் ஆரஞ்சாகவும் நின்றன. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அதில் ஒருவன் கண்ணாடியை இறக்கி, "என்ன சிக்ஸ்டன், வயலுக்குப் பச்சையில கரை வெச்சுத் தைச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். இதை எஸ்கில் கேள்விப்பட்டான். அவன் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரிய வந்தது.

சோதனை முடிவு இழுத்தடித்து, அதற்கடுத்த மார்ச் மாதம்தான் கடிதமாக வந்தது. நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். ஆமாம், படித்தேன். என் வயலில் இருப்பது லார்ச் தேவைப்படாத வகை. தண்டில் தங்குவது, போத்தோடு பயணம் செய்வது. கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டுப் பல ரகங்களைக் கலந்து நடுமாறு எழுதியிருந்தார்கள். எஸ்கில் ஒன்பது ஆண்டுக்கு முன் சொன்ன அதே வாக்கியம். வார்த்தைகூட மாறவில்லை. இரண்டு முறை படித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கடிதம் வந்ததா என்று எஸ்கில் கேட்டபோது இன்னும் வரவில்லை என்றேன்.

இங்கே நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில்கூட நான் அவனை ஒன்றும் செய்ய நினைக்கவில்லை. மரங்கள் போனால் போதும் என்றிருந்தது. மரங்கள் போய், அடுத்த ஆண்டு தற்செயலாகத் துரு கொஞ்சம் குறைந்தால்கூடப் போதும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஊர் என் பக்கம் திரும்பி, சிக்ஸ்டன் சொன்னது சரி என்று சொன்னால் போதும். ஒரு மனிதன் அறுபத்தோரு வயதில் அவ்வளவு கேட்பது அதிகம் இல்லை.

மே மாதம் மூன்றாம் வாரத்தில் எஸ்கில் என் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் நின்றபடியே பேசினான்.

"அண்ணா, நான் யோசிச்சுப் பார்த்தேன். லார்ச்ச வெட்டிடலாம்."

அவன் என்னை அண்ணா என்று கூப்பிடுவது அபூர்வம். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப, அதுதான் காரணம்னு ஒத்துக்கிறியா?"

"இல்ல," என்றான். "அது காரணமில்லன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்னு நினைக்கிறேன். ஆனா நீ ராத்திரி தூங்குறதில்லையாம். மரம் போனா உனக்கு நிம்மதின்னா, போகட்டும். மரந்தானே."

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் எப்படியாவது உங்களுக்குத் தெரிந்துவிடும். இதுமட்டும் நான் சொன்னால்தான் தெரியும். மரத்தை அவன் மறுத்திருந்தால் நாங்கள் இருவரும் கிழவர்களாகிச் சண்டை போட்டுக்கொண்டே செத்திருப்போம். அவன் கொடுத்தான். நான் சொல்வது தவறு என்று தெரிந்தே கொடுத்தான். அழுகிற குழந்தைக்குப் பொம்மை கொடுப்பதுபோல, எழுபதடி உயரமுள்ள பதினொரு மரங்களை எனக்குக் கொடுத்தான். மறுபடியும் கம்பளி.

"சரி, வியாழக்கிழமை வெட்டலாம்," என்றேன்.

அன்று சோல்வேய் நகரத்தில் பல் மருத்துவரிடம் போயிருந்தாள். காலை ஒன்பது மணி. காற்று இல்லை. லார்ச் புது ஊசி விட்டு, தொட்டால் பூனைக்குட்டி முடிபோல மெத்தென்று இருந்தது. என்னிடம் மோட்டார் ரம்பம் இருந்தது. மரம் வெட்டுவதில் எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். அதில் மட்டும் எஸ்கில் என்னைவிடக் குறைந்தவன்.

மரம் வெட்டுவதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் இப்படி. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ரம்பம் உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். அந்த அறுக்காத கீற்றுதான் கதவுக்குக் கீல் மாதிரி. அது இருந்தால் மரம் சொன்ன இடத்தில் விழும். அதன் ஒரு முனையை அறுத்துவிட்டால், மரம் அறுக்காத முனையின் பக்கமாகத் திரும்பி விழும். தெரியாமல் அறுத்தால் அது விபத்து.

முதல் இரண்டு மரங்களும் ஒழுங்காக விழுந்தன. மூன்றாவது மரத்துக்கு ஆப்பு வெட்டுப் போட்டபின், எஸ்கிலை இடதுபுறம் இருந்த கற்குவியலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

"இங்கயா? கொஞ்சம் கிட்ட இல்லையா?"

"அங்கயே நில்லு. மரம் அந்தப் பக்கம் போகுது, உன் பக்கம் இல்ல."

"நீ சொன்னா சரி," என்று நின்றான். வாழ்நாள் முழுக்க என் சொல்லைக் கேட்காதவன் அன்று கேட்டான்.

ரம்பத்தை உள்ளே விட்டேன். கீலின் வலது முனை வரை கொண்டுபோனேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கை தவறவில்லை, நீங்கள் அதைக் கேட்க வேண்டாம். மரம் இடதுபக்கம் திரும்பியது. அவன் மேலே பார்த்தான். ஓடவில்லை. நான் வெட்டிய மரம் தன் மேல் வரும் என்று நம்புவதற்கு அவனுக்கு நேரம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

மரம் அவன் மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே கிடந்தது. ரம்பத்தை அணைத்துவிட்டு நடந்து போனேன். அவன் உயிரோடு இருந்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இதை முன்பு நான் உங்கள் ஆட்களிடம் வேறு மாதிரி சொன்னேன். விழுந்த உடனே போய்விட்டான் என்று சொன்னேன். சோல்வேயிடமும் அதையே சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"சிக்ஸ்டன், போன் பண்ணு," என்றான்.

போன் என் சட்டைப்பையில் இருந்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களைச் சுற்றிலும் லார்ச் கிளைகள் கிடந்தன. அவன் கழுத்திலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு கிளையை ஒடித்து, ஒவ்வொரு ஊசியாகப் பார்த்தேன். துரு அங்கே தங்கியிருந்தால் அந்த மாதத்தில் ஊசியில் மஞ்சள் புள்ளி இருக்க வேண்டும். நாற்பது ஊசி பார்த்தேன். வேறொரு கிளை ஒடித்தேன். இன்னும் நாற்பது. எல்லாம் பச்சை. சுத்தமான பச்சை.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் என்ன தேடுகிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

"இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. நிறைய இருக்கு."

அவன் கண்ணை மூடித் திறந்தான். மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. பிறகு சொன்னான்: "அப்ப நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. இப்ப போன் பண்ணு."

அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களால் ஊகிக்க முடியாது. உடம்பு முழுக்க ஒரு கட்டு அவிழ்ந்ததுபோல இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் இரண்டு முறை மேலும் போன் என்று சொன்னான். ஒருமுறை சோல்வேயின் பெயரைச் சொன்னான். நான் போனை எடுத்தபோது மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம். அப்போது அவன் கை சில்லிட்டிருந்தது.

ஈமச் சடங்கில் சோல்வேய் என் தோளில் சாய்ந்து அழுதாள். மிச்ச எட்டு மரங்களையும் அவளே ஆள் வைத்து வெட்டினாள். "உங்களுக்காக வெட்டணும்னு அவர் ஆசைப்பட்டார்," என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த ஆண்டு துரு ஜூன் மாதமே வந்துவிட்டது. எப்போதையும்விட ஆறு வாரம் முன்னால். போன வாரம் இல்வா வந்து பார்த்தாள். சோல்வேயும் மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள். என் வீட்டு வாசலில் மூவரும் நின்றோம். இல்வா தலையை ஆட்டினாள்.

"லார்ச்ச வெட்டியும் இப்படியா? அதான் கடிதத்துல எழுதியிருந்தாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு. நீங்க படிக்கலையா?"

சோல்வேய் என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அப்ப எஸ்கில் சொன்னதுதான் கடைசியில சரி," என்றாள். "பாவம், சும்மாவே போயிட்டார்."

அங்கே நான் அமைதியாக இருந்திருக்கலாம். இரண்டு மாதம் அமைதியாகத்தானே இருந்தேன். ஆனால் செத்த பிறகும் அவன் சொன்னதே சரியாக இருக்கிறது. மண்ணுக்கு அடியில் கிடந்தாலும் அவன் சொன்னதே சரியாக இருக்கிறது. அதை அவள் என் வாசலில் நின்று சொல்கிறாள்.

"அவன் சொன்னது சரியில்ல," என்றேன். "சாகும்போது அவனே ஒத்துக்கிட்டான். நான் சொன்னது தப்பு, நீ சொன்னதுதான் சரின்னு அவன் வாயாலேயே சொன்னான்."

சோல்வேய் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இல்வா ஒரு அடி பின்னால் போனாள்.

"சாகும்போதா?" என்றாள் சோல்வேய். "மரம் விழுந்ததும் போயிட்டார்னு சொன்னீங்களே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதுவதை இங்கிருந்தே பார்க்கிறேன். கீல் முனை, கற்குவியல், போன் செய்யாமல் இருந்த நேரம், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எதையும் நான் மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். என் தம்பியை நான்தான் கொன்றேன். ஆனால் அவன் ஒப்புக்கொண்டதை நீங்கள் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள். நான் போன் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அவன் அப்படிச் சொல்லியிருப்பானோ என்று கேட்கிறீர்கள். இல்லை. உங்களுக்கு எஸ்கிலைத் தெரியாது. அவன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தவறாக எதையும் சொன்னதில்லை.